வெள்ளைக் கரிச்சான்

எனக்குக் கோபம் வரும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு மறைத்துவிட்டேன் என்று யாரும் குறை சொல்லக் கூடாது. விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் இருபத்தாறு வருடமாக வேலை பார்க்கிறேன். சூளையிலிருந்து வரும் கப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து விரல் முட்டியால் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல கப்பு ‘ணங்’ என்று சொல்லும். உள்ளே கீறல் இருந்தால் ‘டொக்’ என்று சொல்லும். ‘டொக்’ என்றால் கழிவுக் கூடையில் வீசிவிட்டு அடுத்ததை எடுப்பேன். யோசிக்கவெல்லாம் நேரம் கிடையாது. இந்தப் புத்தி வீட்டுக்கும் வந்துவிட்டது என்று என் வீட்டுக்காரர் தங்கராசு சொல்வார். பறவைக் குரூப்புக்கும் வந்துவிட்டது என்பது அந்த ஞாயிற்றுக்கிழமைதான் எனக்குத் தெரிந்தது.

‘மணிமுத்தாறு பறவைகள்’ என்கிற வாட்ஸப் குரூப்பை ஏழு வருடத்துக்கு முன்னால் நானும் கொளஞ்சிநாதனும் ஆரம்பித்தோம். கொளஞ்சி ஸ்ரீமுஷ்ணம் போகிற தனியார் பஸ்ஸில் கண்டக்டர். டிக்கெட் கிழித்துக்கொண்டே ஏரியில் நிற்கிற நாரையை எண்ணிவிடுவான், சில்லறை கொடுப்பதில்தான் தப்பு வரும். இப்போது அறுபத்து நான்கு பேர் இருக்கிறோம். ஸ்ரீமுஷ்ணத்தில் கணக்கு டீச்சராக இருக்கிற பட்டம்மாள், குவைத்தில் ஏசி மெக்கானிக்காக இருக்கிற மங்கலம்பேட்டை நிஜாமுதீன் என்று எல்லா ஊரிலிருந்தும் ஆள் உண்டு. நானும் கொளஞ்சியும் அட்மின். அவன் பேருக்கு அட்மின், நான் நிஜ அட்மின்.

ஒன்பது விதி போட்டிருந்தேன். காலை வணக்கம் கூடாது. ரோஜாப்பூ கூடாது. ‘இது என்ன பறவை?’ என்று மொட்டையாகக் கேட்கக் கூடாது. எங்கே பார்த்தீர்கள், எத்தனை மணிக்கு, என்ன அளவு, எப்படிக் கத்தியது, எல்லாம் சொல்லிவிட்டுத்தான் கேட்க வேண்டும். மீறினால் என் வாயில் விழ வேண்டியதுதான்.

அதிகமாக விழுந்தவர் ராஜமாணிக்கம். எங்கள் மாவட்டத்திலேயே இருக்கிற மங்களூர் பக்கம் மக்காச்சோளம் போடுகிறவர். என்னைவிட எட்டு வயது இளையவர். டைப் அடிக்கத் தெரியாது, எல்லாமே வாய்ஸ் மெசேஜ்தான், பின்னால் டிராக்டர் சத்தம் வேறு. கொண்டலாத்தியை மரங்கொத்தி என்பார். தவிட்டுக்குருவியை மைனா என்பார். தை மாதத்தில் ஒரு நாள் தன் வேலியில் கழுகு உட்கார்ந்திருக்கிறது என்று ஒரே பரபரப்பாகப் படம் போட்டார். பார்த்தால் செம்போத்து. எனக்கு வந்ததே கோபம். கழுகுக்கும் செம்போத்துக்கும் வித்தியாசம் தெரியாதவர்களுக்கு இந்தக் குரூப்பில் என்ன வேலை, கண் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்து பேசுங்கள் என்று எல்லோர் முன்னாலும் போட்டேன். கும்பிடுகிற கை படம் ஒன்று மட்டும் அனுப்பினார். அதோடு சரி, மூன்று மாதம் அவர் சத்தமே இல்லை. யோசித்துப் பார்த்தால் அவர் மட்டும் இல்லை, ஒரு வருடமாகவே யாரும் சந்தேகம் கேட்பதில்லை. எல்லோரும் கற்றுக்கொண்டுவிட்டார்கள் என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். எங்கள் மாவட்டத்துப் பறவைகளைப் பற்றி ஒரு படப் புத்தகம் தயாராகிக்கொண்டிருந்தது. புதுச்சேரியில் இருக்கிற ஸ்ரீரஞ்சனி என்கிற பெண்தான் தொகுக்கிறாள். அதில் கொளஞ்சியின் படம் இரண்டு, பட்டம்மாளின் படம் ஒன்று. என் படம் ஒன்றுகூட இல்லை. எத்தனையோ அனுப்பினேன், இதெல்லாம் ஏற்கனவே இருக்குது மேடம் என்று மரியாதையாகத் திருப்பிவிட்டாள். படம் அனுப்பக் கடைசி நாள் அந்த ஞாயிறு, மாலை ஆறு மணி. செல்வநாயகி என்று என் பேர் போட்டு ஒரே ஒரு படம் அந்தப் புத்தகத்தில் வர வேண்டும் என்று எனக்குக் கொள்ளை ஆசை. வெளியே சொல்ல வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

சித்திரை வெயில் ஏறுவதற்குள் காலை ஆறு மணிக்கே கம்பெனிக்குப் போய்விட்டேன். ஞாயிறன்று மெஷின் ஓடாது, காவலுக்கு ஆராயி மட்டும் இருப்பாள். கொட்டகைக்குப் பின்னால் வெள்ளைக் களிமண்ணைத் தண்ணீரில் கரைத்து வைக்கிற பெரிய தொட்டி இருக்கிறது. அதன் சுவரில் சாய்ந்துகொண்டு நின்றேன். ஆறு நாற்பதுக்கு எதிரே மின்கம்பியில் ஒரு குருவி வந்து உட்கார்ந்தது.

வெள்ளை. தலை, முதுகு, சிறகு, எல்லாம் வெள்ளை. வால் மட்டும் இரண்டாகப் பிளந்து நீளமாகத் தொங்கியது. கரிச்சான். இரட்டைவால் குருவி என்றும் சொல்வோமே, அதேதான். கரி மாதிரி கறுப்பாக இருப்பதால்தான் அதற்கு அந்தப் பெயரே. அது வெள்ளையாக உட்கார்ந்திருக்கிறது!

எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. தீபாவளி போனஸில் வாங்கிய கேமராவை அவசர அவசரமாக எடுத்தேன். ஏழு படம் எடுத்தேன், மூன்று தேறியது. லட்சத்தில் ஒரு பறவை இப்படி நிறம் இல்லாமல் பிறக்கும் என்று படித்திருக்கிறேன். அது என் கம்பெனிக்குப் பின்னால், என் தலைக்கு மேலே! நான் சத்தம் போட்டுச் சிரித்ததில் ஆராயி கம்போடு ஓடிவந்துவிட்டாள்.

படத்தைக் குரூப்பில் போட்டதும் அறுபத்து நான்கு பேரும் ஒரே நேரத்தில் எழுந்துவிட்டார்கள் போலிருந்தது. கொளஞ்சி அன்றைய டூட்டியை மாற்றிவிட்டுக் கிளம்பிவிட்டான். பட்டம்மாள் முதல் பஸ் ஏறிவிட்டேன் என்று போட்டாள். நிஜாமுதீன் குவைத்திலிருந்து, யாராவது வீடியோ கால் போட்டே தீர வேண்டும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். ஸ்ரீரஞ்சனிக்கும் அனுப்பினேன். இரண்டே நிமிடத்தில் போன் வந்தது. நேரில் பார்த்துவிட்டால் புத்தகத்தில் முழுப் பக்கம் தருகிறேன் மேடம், இதோ காரில் வருகிறோம் என்றாள். முழுப் பக்கம்! தங்கராசுவுக்குப் போன் போட்டு, சாப்பாட்டுக்கு என்னை எதிர்பார்க்க வேண்டாம் என்று சொன்னேன். என்ன விஷயம் என்று கேட்டார். புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன்.

அந்த நேரம் பார்த்து மூன்று மாதம் கழித்து ராஜமாணிக்கத்தின் வாய்ஸ் மெசேஜ் வந்தது. டிராக்டர் சத்தம் இல்லை, குரல் மட்டும் தயங்கித் தயங்கி வந்தது.

“அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. அலகும் காலும் கறுப்பாவே இருக்குது. வாலு நுனியும் கொஞ்சம் கறுப்பா தெரியுது. எதுலயாச்சும் முழுவி எழுந்திருக்குமோ? எங்க வூட்டுக் கோழி ஒருவாட்டி சுண்ணாம்புத் தொட்டியில விழுந்து இப்படித்தான் இருந்துச்சு.”

எனக்குச் சுருக்கென்று ஏறியது. செம்போத்தைக் கழுகு என்றவர், எனக்குக் கோழிப் பாடம் நடத்துகிறார். நிறமில்லாப் பிறவியிலேயே பல வகை உண்டு, அலகு கறுப்பாக இருக்கலாம், படித்துவிட்டுப் பேசுங்கள், கோழியைக் கோழிக் குரூப்பில் போடுங்கள் என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி எழுதி அனுப்பினேன்.

ஆறாவது நிமிடம் கொளஞ்சியின் செய்தி வந்தது.

“ராஜமாணிக்கம் அண்ணே, மனசுல வெச்சிக்காதீங்க. அக்கா சந்தோஷத்துல தலைகால் புரியாம இருக்காங்க. நம்ம குரூப்புக்கு வாங்க, அங்க பேசிக்கலாம்.”

படித்து முடிப்பதற்குள் அழித்துவிட்டான். ராஜமாணிக்கத்துக்குத் தனியாக அனுப்ப வேண்டியதை அவசரத்தில் இங்கே போட்டிருக்கிறான். ‘நம்ம குரூப்’. அப்படியென்றால் இது யார் குரூப்? நான் இல்லாமல் ஒன்று நடத்துகிறார்கள். ஏழு வருடம் வெயிலிலும் சேற்றிலும் கூட்டிக்கொண்டு திரிந்து பெயர் சொல்லிக் கொடுத்தவள் நான், எனக்குத் தெரியாமல் தனிப் பந்தி. கோபம் வந்தது என்று சொன்னால் பாதிதான் உண்மை. அழுகையும் வந்தது. வரட்டும் கொளஞ்சி, புத்தகத்தில் என் பக்கம் வந்த பிறகு அத்தனை பேரையும் ஒரு கை பார்க்கிறேன் என்று முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

ஒன்பதரைக்குள் இருபத்து மூன்று பேர் சேர்ந்துவிட்டார்கள். கொளஞ்சி என் கண்ணைப் பார்க்காமல், அப்புறம் சொல்றேன் அக்கா என்று நழுவிப் போய் ஓரமாக நின்றான். ஸ்ரீரஞ்சனி மூன்று பேரோடு வந்தாள், குழாய் குழாயாகக் கேமரா. பட்டம்மாள் போனைத் தூக்கிப் பிடிக்க, அதில் நிஜாமுதீன் லுங்கியோடு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். கடைசியாகக் கேட்டில் ஒரு ஆள் பையோடு வந்து நின்றார். உள்ளே வரலாமா என்று ஆராயியிடம் கேட்டுக்கொண்டிருந்த குரலை வைத்துத்தான் ராஜமாணிக்கம் என்று தெரிந்தது. பை நிறைய அவித்த மக்காச்சோளக் கதிர். எல்லோருக்கும் கொடுத்தார். எனக்கு நீட்டியபோது வேண்டாம் என்று தலையை ஆட்டினேன்.

அவ்வளவு தூரத்திலிருந்து வந்தவர்கள் வெயிலில் நிற்கிறார்கள், கை கழுவக்கூடத் தண்ணீர் இல்லை. கொட்டகை ஓரத்து நல்ல தண்ணீர்த் தொட்டி சனிக்கிழமையே காலியாகிக் காய்ந்து கிடந்தது. ஆராயியிடம் சொல்லி மோட்டாரைப் போடச் சொன்னேன். தொட்டி நிரம்பியது. எல்லோரும் கையைக் கழுவிக்கொண்டு, முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு, மறுபடி கம்பியைப் பார்த்து நின்றோம்.

பத்தே காலுக்கு அது வந்தது.

கேமராக்கள் படபடவென்று அடித்தன. ஸ்ரீரஞ்சனி என் கையைப் பிடித்து அழுத்தினாள். போனுக்குள்ளிருந்து நிஜாமுதீன், எங்கே, எங்கே, இடது பக்கமா என்று தவித்தார். குருவி கழுத்தைச் சாய்த்து எங்களைப் பார்த்தது, பிறகு கீழே பார்த்தது. சட்டென்று கம்பியை விட்டு இறங்கி, நல்ல தண்ணீர்த் தொட்டியில் ஒரு முழுக்குப் போட்டுவிட்டு மறுபடி கம்பியில் ஏறியது. சாம்பல் நிறமாக இருந்தது.

இரண்டாவது முழுக்கு. தலை கறுத்துவிட்டது. மூன்றாவது முழுக்கு. உடம்பை ஒரு உதறு உதறியது, வெள்ளைத் தண்ணீர் தெறித்தது. அசல் கரிச்சான், பளபளவென்று கறுப்பு, முதுகில் மட்டும் ஒரு வெள்ளைக் கோடு வழிந்துகொண்டிருந்தது.

காலையில் அதற்குக் குளிக்க வேறு தண்ணீர் இல்லை. அதனால் நான் வந்து சாய்ந்து நிற்பதற்கு முன்பே அந்தக் களிமண் தொட்டியில் முழுகி முழுகி எழுந்திருக்கிறது. வெயில் பட்டதும் காய்ந்து வெளுத்துவிட்டது. குனிந்து பார்த்தேன். என் முழங்கையிலும் முந்தானையிலும் அதே வெள்ளை. இருபத்தாறு வருடம் தினம் தினம் இந்த மண்ணைத் தேய்த்துக் கழுவிவிட்டு வீட்டுக்குப் போகிறவள் நான். ஊரில் யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை, ஏனென்றால் அது வெள்ளைக் கரிச்சானாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

நான் அவர்கள் இடத்தில் இருந்திருந்தால் என்ன பேசியிருப்பேன் என்று எனக்கே தெரியும். அந்த வார்த்தைகள் எல்லாம் வரிசையாக மனதில் வந்து நின்றன. கண் டாக்டரும் வந்தார். முகத்தில் ஈயாடவில்லை என்பார்களே, அப்படி நின்றேன். ஸ்ரீரஞ்சனி கேமராவை மெல்லக் கீழே இறக்கினாள். எல்லோருடைய கண்ணும் என் மேல் இருந்தது.

அப்போது கொட்டகைக்குப் பின்னாலிருந்து ராஜமாணிக்கத்தின் குரல் கேட்டது.

“அக்கா, இந்த மண்ணு மேட்டுல பொந்து பொந்தா இருக்குதுங்களே. எலி வளைங்களா?”

சரியான ஆள், இந்த நேரத்தில் எலியைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்தேன். ஆனால் தப்பாகச் சொல்வதைக் கேட்டால் என் வாய் சும்மா இருக்காது. எலி இல்லை, பஞ்சுருட்டான் என்றேன். பச்சைப் பஞ்சுருட்டான் மண்ணைக் குடைந்துதான் முட்டை வைக்கும், பொந்து ஒரு கை நீளம் உள்ளே போகும் என்று சொல்லச் சொல்ல, எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். புளிக்கட்டும் என்று ஒரு வருடமாக வெயிலிலும் மழையிலும் போட்டு வைத்திருக்கிற களிமண் மேடு அது. மொத்தம் முப்பத்தொரு பொந்து. குஞ்சு பறக்கும் வரை அந்தப் பக்கத்து மண்ணை வெட்டக் கூடாது என்று வருடா வருடம் மேனேஜரிடம் சண்டை போட்டு நிறுத்தி வைக்கிறேன். தினம் பார்ப்பதால் அதையெல்லாம் படம் எடுக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றியதில்லை.

சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒரு பஞ்சுருட்டான் தட்டாம்பூச்சியை அலகில் கவ்விக்கொண்டு பச்சைப் பச்சையாக வந்து இறங்கியது, பொந்துக்குள் போனது. அடுத்த பொந்தில் இன்னொன்று. அப்புறம் பார்க்க வேண்டுமே! ஸ்ரீரஞ்சனி அந்த மண்ணிலேயே குப்புறப் படுத்துவிட்டாள். தொழிற்பேட்டை மண் குவியலில் இப்படி ஒரு குடியிருப்பை நான் பார்த்ததே இல்லை மேடம், நீங்களே எடுத்து அனுப்புங்கள், ஆறு மணிக்குள் என்றாள். பட்டம்மாள் போனைப் பொந்துக்கு நேராகக் காட்ட, நிஜாமுதீன் குவைத்திலிருந்து ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தார். கரிச்சானைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பன்னிரண்டு மணிக்கு எல்லோருடைய சட்டையிலும் வெள்ளை மண், கையில் சோளக்கதிர். நானும் ஒன்று கேட்டு வாங்கித் தின்றேன்.

கிளம்பும்போது ராஜமாணிக்கத்தோடு பஸ் நிறுத்தம் வரைக்கும் நடந்தேன். மன்னிப்புக் கேட்டுப் பழக்கம் இல்லை, எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

“நெஜமாவே எலி வளைன்னா நெனச்சீங்க?” என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். “எங்க வாய்க்கா கரையில பஞ்சுருட்டான் பொந்து பதினாலு இருக்குதுங்க அக்கா. மாசி மாசம் நீங்க குரூப்புல எழுதுனீங்களே, அதப் படிக்கச் சொல்லிக் கேட்டுட்டுத்தான் எண்ணுனேன்.”

“அப்புறம் ஏன் எலின்னு கேட்டீங்க?”

“எல்லாரும் உங்களயே பாத்துகிட்டு நின்னாங்க. வேற எதையாச்சும் பாக்கட்டுமேன்னுதான்.”

பஸ் வந்துவிட்டது. போயிட்டு வரேங்க அக்கா என்று ஏறிவிட்டார். நான் சொல்ல நினைத்ததைச் சொல்லவே இல்லை.

வீட்டுக்கு வந்து, நான் எடுத்த பஞ்சுருட்டான் படத்தை நாலு மணிக்கு ஸ்ரீரஞ்சனிக்கு அனுப்பினேன். படம் செல்வநாயகி, சுட்டிக் காட்டியவர் ராஜமாணிக்கம், இரண்டு பெயரும் இருந்தால் போடு, இல்லாவிட்டால் வேண்டாம் என்று எழுதினேன். பிறகு குரூப்பில், காலையில் நான் சொன்னது தப்பு, அது சேறு பூசிய சாதாரணக் கரிச்சான், ராஜமாணிக்கம் சொன்னதுதான் சரி, அவரிடம் நான் பேசிய பேச்சுக்கு எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்கிறேன் என்று போட்டேன். எழுதி முடிக்க அரை மணி நேரம் ஆனது. அதற்கு மேல் ஒன்று பாக்கி இருந்தது. கொளஞ்சிக்குப் போன் போட்டு, அந்த இன்னொரு குரூப்பில் என்னைச் சேர் என்றேன்.

“வேணாங்க அக்கா. மனசு கஷ்டப்படுவீங்க.”

கஷ்டப்படத்தான் கேட்கிறேன், சேர்த்துவிடு என்றேன்.

சேர்த்தான். பேர் ‘சும்மா கேளுங்க’. ஐம்பத்தெட்டு பேர். மேலே தள்ளிக்கொண்டே போனேன். ஒரு வருடத்துச் சந்தேகம் முழுக்க அங்கே இருந்தது. காலை வணக்கம் இருந்தது, ரோஜாப்பூ இருந்தது. ‘இது என்ன பறவை?’ என்று மொட்டையாகக் கேட்டிருந்தார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் கீழே பதில் இருந்தது, படித்தால் என் நடையாக இருந்தது. நான் பெரிய குரூப்பில் திட்டித் திட்டி எழுதினேனே, அதில் திட்டை மட்டும் நறுக்கிவிட்டு மீதியைக் கொண்டுவந்து ஒட்டியிருக்கிறார்கள். ஒவ்வொன்றின் கீழும் ‘சொன்னது நாயகி அக்கா’ என்று போட்டிருந்தது.

குரூப்பின் விவரம் எழுதுகிற இடத்தைத் திறந்தேன். நான் ஒன்பது விதி போட்டிருந்தேன் அல்லவா, அங்கே ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

‘இங்கே அக்காவை யாரும் தப்பாகப் பேசக் கூடாது.’

இந்த விதியை யார் போடச் சொன்னது என்று கொளஞ்சியைக் கேட்டேன். தை மாதம், அந்தக் கழுகு விவகாரம் நடந்த அன்றைக்கு ராஜிண்ணன் சொல்லித்தான் சேர்த்தோம் அக்கா என்றான். ராஜமாணிக்கத்தைத்தான் அப்படிக் கூப்பிடுகிறான்.

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. தங்கராசு வந்து அணைத்துவிட்டு, என்னாச்சு, யாரு என்ன சொன்னாங்க என்று கேட்டார். ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் விஷயம் என்று சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினேன். இத்தனை நாள் நான்தான் இவர்களைப் பொறுத்துக்கொண்டு போகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கேமராவிலிருந்து கரிச்சானின் கடைசிப் படத்தை எடுத்தேன். பளபளவென்று கறுத்த கரிச்சான், முதுகில் வெள்ளைக் கோடு. அதைப் புதுக் குரூப்பில் போட்டு, இடம் நேரம் எதுவும் எழுதாமல், மொட்டையாக ‘இது என்ன பறவைங்க?’ என்று கேட்டேன்.

பிறகு ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. பின்னால் டிராக்டர் ஓடிக்கொண்டிருந்தது.

“கழுகுங்க அக்கா.”